இன்சுலினோமா சந்தேகத்தில் குளுக்கோமீட்டர்: எதுவரை நம்பலாம்?

கணையத்தில் வரும் ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இன்சுலினோமா. சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில், அல்லது சாப்பாடு தள்ளிப்போனால், வியர்வை, நடுக்கம், குழப்பம், பேச்சுக் குளறல் வரும். இனிப்பு உள்ளே போனால் தெளியும். இந்தச் சந்தேகம் எழுந்ததும் பலரும் முதலில் வாங்குவது குளுக்கோமீட்டர்தான். தாராளமாக வாங்கலாம். ஆனால் அது துப்பு கொடுக்கும் கருவி, தீர்ப்பு சொல்லும் கருவி அல்ல.

காரணம் இதுதான். குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கையில் 15 மில்லிகிராம் கூட்டியோ குறைத்தோ காட்டினாலும் கருவி தேறிவிடும். சர்க்கரை 250 உள்ளவருக்கு அவ்வளவு வித்தியாசம் பெரிதல்ல. இங்கே கேள்வியே டெசிலிட்டருக்கு 55-க்குக் கீழே போனதா என்பது. கருவி 52 என்றால் உண்மை 65 ஆகவும் இருக்கலாம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் தாழ்சர்க்கரை மறைந்தே போகும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடி திறந்து கிடந்தால் அளவு பிசகும்.

கையில் ஒட்டும் சென்சார் இரவு முழுதும் போக்கைக் காட்டும், அது பெரிய உதவி. ஆனால் தோலடித் திரவத்தை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்வைக் காட்டும். விரலிலும் குத்திச் சரிபாருங்கள்.

குறிப்பேட்டில் நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, அறிகுறி, அளவு, இனிப்பு எடுத்தபின் எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என எழுதுங்கள். மருத்துவருக்கு வெறும் எண்களைவிட இதுதான் பயன்படும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊட்டாமல் ஆம்புலன்சை அழையுங்கள். சாப்பிடாமல் இருக்கும்போது சர்க்கரை இறங்குகிறதா என்று மருத்துவமனையில் பார்க்கும் 72 மணி நேர உண்ணாநிலைச் சோதனையை மீட்டரை நம்பி வீட்டில் செய்யவே கூடாது.

அந்தச் சோதனையில் நரம்பில் எடுத்த ரத்தம்தான் கணக்கு. சர்க்கரை 55-க்குக் கீழே இருக்கும்போதும், மில்லிலிட்டருக்கு இன்சுலின் குறைந்தது 3 மைக்ரோ யூனிட்டும், உடல் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வெளிவரும் சி-பெப்டைடு குறைந்தது 0.6 நானோகிராமும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ரத்தம் ஆய்வகத்துக்குத் தாமதமாகப் போனால் குழாயிலேயே அணுக்கள் சர்க்கரையைத் தின்று அளவைக் குறைத்துவிடும். சல்ஃபோனைல்யூரியா சோதனையும் கூடவே நடந்ததா என்று கேளுங்கள். அந்த நீரிழிவு மாத்திரை தவறி உள்ளே போயிருந்தாலும் ரிப்போர்ட் அச்சு அசலாக இப்படியேதான் வரும்.