மொட்டை மாடி இல்லாதவன் போட்ட உப்புக்கண்டம்

எங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடிக்குப் பூட்டு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வெயிலையும் நம்ப முடியாது. அதனால்தான் 7,200 ரூபாய் கொடுத்து கரண்டில் காயவைக்கும் இந்த ஐந்து தட்டு டீஹைட்ரேட்டர் மெஷினை வாங்கினேன். காரைக்குடியிலிருந்து வந்திருந்த அம்மா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கறி காயப்போடக் கரண்டாடா?” என்றார்.

எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ. கொழுப்பையும் ஜவ்வையும் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். கறி காய்ந்தாலும் கொழுப்பு காயாது, நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். அரைச் சுண்டுவிரல் கனத்துக்கு நீளநீளமாக அரிந்து, கல் உப்பு, மஞ்சள், அரைத்த வரமிளகாய், இஞ்சி பூண்டு விழுது பிசறி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் ஓவனில் வைத்து, கறிக்குள் 71 டிகிரி ஏறியதும் தட்டுக்கு மாற்றினேன். மெஷின் சூடு மிதமானது; ஈரம் குறைந்த பிறகு கிருமிகள் சூட்டைத் தாங்க ஆரம்பித்துவிடும், அதனால் முதலிலேயே சூடு காட்டிவிடுவது நல்லது. “வேகவச்சா அது உப்புக்கண்டமா?” என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

மெஷினின் குறை இரண்டு. டயலில் 70 வைத்தால் என் தெர்மாமீட்டர் 63தான் காட்டுகிறது. ஃபேன் பின்பக்கம் இருப்பதால் பின்வரிசை காயும்போது முன்வரிசை நசநசவென்றே கிடக்கிறது. தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

கையேடு ஆறு மணி நேரம் என்கிறது. ஆறாவது மணியில் பீப் அடித்ததும் நான் அணைக்கப் போனேன். அம்மா ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டு, “ஆறட்டும்” என்றார். சரிதான், சூட்டோடு பார்த்தால் காய்ந்ததும் காயாததும் ஒரே மாதிரி ரப்பராகத்தான் வளைகிறது. ஆறியதும் கனமான இடத்தில் பிய்த்தார். நடுவில் பளபளவென்று ஈரம். இன்னும் நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு வளைத்தபோது மேல்பக்கம் வெடித்து நார் வெளுப்பாகத் தெரிந்தது, துண்டு முறியவில்லை. இதுதான் பதம். அப்புறமும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிவைத்தோம். காலையில் முன்வரிசைத் துண்டுகள் இருந்த பாட்டிலில் மட்டும் உள்ளே ஆவி பூத்திருந்தது. அதற்கு மறுபடி இரண்டு மணி நேரம்.

கடைசியில் 360 கிராம் தேறியது. கொடியில் நாலைந்து வெயில் காய்ந்தது தட்டினால் டக்டக்கென்று சத்தம் வரும்; அம்மியில் வைத்து நசுக்கித்தான் பொரிக்க முடியும். இது அவ்வளவு இறுகவில்லை, அதனால் ஃபிரிட்ஜில்தான் வைத்திருக்கிறேன். நல்லெண்ணெயில் பொரித்து ரசம் சோற்றோடு சாப்பிட்டால் குறை சொல்ல மாட்டேன், வெயில் வாசம் மட்டும் இல்லை. காக்கா விரட்டும் வேலை மிச்சம். ஐந்துக்கு மூன்றரை.

இன்னொன்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட்டாதீர்கள். என் போர்வையில் இன்னும் பூண்டு வாடை போகவில்லை.