தெள்ளுப்பூச்சிக்கான சொட்டு மருந்து: மூன்று மாத அனுபவம்

எங்கள் நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுப்பூச்சி தொற்றியபோது, கால்நடை மருத்துவரின் பரிந்துரைப்படி, பூச்சியைக் கொல்லும் ஃபிப்ரோனிலும் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மெத்தோபிரீனும் கலந்த சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை என மூன்று மாதங்கள் பயன்படுத்தினோம். நாக்கு எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலின்மேல் நேரடியாக விட வேண்டும். முன்னும் பின்னும் 2 நாள்கள் குளிப்பாட்டக் கூடாது.

இரண்டாம் நாளே சொறிதல் வெகுவாகக் குறைந்தது, அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் இரண்டு வாரங்களில் மீண்டும் பூச்சிகள் தென்பட்டன. இதை மருந்தின் குறையாக நான் கருதவில்லை: உடலிலிருந்து உதிரும் முட்டைகள் விரிப்பிலும் தரை இடுக்கிலும் பொரித்து வளர்கின்றன; கூட்டுக்குள் ஒடுங்கிய புழுக்களோ பூச்சிக்கொல்லிக்கும் தப்பி மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. படுக்கைத் துணிகளை 60 பாகை வெந்நீரில் வாரந்தோறும் துவைத்து, சோபாவின் இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, மருந்தையும் தவறாமல் தொடர்ந்த பிறகே சீப்பில் கரும்பொடி (பூச்சியின் எச்சம்) சிக்குவது நின்றது.

நாய்க்கு ஒன்று, பூனைக்கு ஒன்று எனத் தனித்தனியே வாங்குங்கள். நாய்களுக்கான சில மருந்துகளிலுள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே பறிக்கக்கூடியது. முயல் வளர்ப்போர் ஃபிப்ரோனிலை அதற்கு அறவே பயன்படுத்தக் கூடாது.