ஆத்தூர் ரோட்டு சைட்ல ரெண்டு வருஷம்: பார்க் இருக்கு, சாவி யார்கிட்ட?

ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 2.5. வாங்கலாமா வேணாமான்னு மட்டும் தெரியணும்னா இதோட நிறுத்திக்கலாம், மிச்சம் பொலம்பல்தான்.

சேலத்துலருந்து ஆத்தூர் போற வழில அயோத்தியாப்பட்டணம் தாண்டி உள்ள திரும்புனா வரிசையா லேயவுட்டுதான். அதுல ஒண்ணுல 2021ல 1200 சதுர அடி சைட் வாங்கி, 2023 தை மாசம் பால் காய்ச்சுனோம். ப்ரொமோட்டர் பேரு வேணாம், எல்லாரும் ஒரே நோட்டீஸ பேர மட்டும் மாத்தித்தான் அடிக்கறாங்க. சில்ட்ரன்ஸ் பார்க், வாக்கிங் டிராக், ஓபன் ஜிம், காவேரி தண்ணி, புது பஸ் ஸ்டாண்டுக்கு இருபதே நிமிஷம். அந்த இருபது நிமிஷத்த நிரூபிக்க எங்கள ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு கார்ல கூட்டிட்டு போனாரு அந்த சேல்ஸ் தம்பி. "பாத்துக்கோங்க மேடம், நிமிஷம் எண்ணிக்கோங்க"ன்னாரு. எண்ணிட்டு சந்தோஷமா அட்வான்ஸ் குடுத்தோம். திங்கக்கிழமை எட்டரை மணிக்கு ஒரு தடவ போய்ப் பாக்கணும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல, இத்தனைக்கும் எங்க வீட்டுக்காரர் டெய்லி டவுனுக்கு அந்தப் பக்கம் இருக்குற சூரமங்கலத்துக்கு வேலைக்கு போறவரு.

நல்லது மொதல்ல. மொட்டமாடில நின்னா வடக்கால சேர்வராயன் மலை, தெக்கால ஜருகுமலை, மழை விட்ட சாயங்காலம் மலை மேல மேகம் இறங்குறத பாத்துட்டே டீ குடிக்கலாம். காத்து நல்லா வருது. டிடிசிபி, அதான் நகர் ஊரமைப்பு ஆபீஸ், குடுத்த அப்ரூவல் சுத்தமா இருக்கு, பத்திரத்துல ஒரு வில்லங்கமும் இல்ல. டவுன் பஸ் இருக்கு, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாததால நான் பழைய பஸ் ஸ்டாண்டு போக வர காசு செலவில்ல, ஆனா ஒண்ண விட்டா அடுத்தது முக்கா மணி நேரம். எங்கம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு அக்கா வந்து பிரஷர் பாத்துட்டு மாத்திரை குடுத்துட்டு போவாங்க. நான் எதிர்பாக்காத ஒண்ணு இது, இதுக்கும் ப்ரொமோட்டருக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

இப்ப பார்க்குக்கு வரேன்.

வரைபடத்துல பச்சை கலர்ல அழகா இருந்துச்சு. நேர்ல போய்ப் பாத்தா லேயவுட்லயே தாழ்வான மூலை அது. மேட்டு நெலத்துல இருந்து ஒரு சின்ன ஓடை வந்துட்டு இருந்திருக்கு, அத மூடி ரோடு போட்டுட்டாங்க, இப்ப அந்தத் தண்ணி நேரா வந்து பார்க்குலதான் நிக்கும். ஐப்பசி கார்த்திகைல சறுக்கு மரத்துல ஏறி சறுக்குனா கீழ தவளை இருக்கும். ரெண்டு ஊஞ்சல்ல ஒண்ணுக்கு ஒத்தப் பக்கச் சங்கிலி அந்து ஒன்றரை வருஷம் ஆகுது, பசங்க அத ஈட்டி மாதிரி வீசி வெளையாடுறாங்க. ஓபன் ஜிம்னு சொன்னது ஒரே ஒரு கம்பி, அதுல இப்ப யாரோ துணி காயப் போடறாங்க.

என் தம்பி ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேன். அவன்தான் எனக்கு வெளக்குனான். "அக்கா, 10,000 சதுர மீட்டருக்கு மேல லேயவுட் போட்டா ரோடு போக மிச்ச இடத்துல பத்து பர்சென்ட் பார்க்குக்கு விட்டே ஆகணும். 3,000லருந்து 10,000க்குள்ள இருந்து, இடம் விட வழியில்லன்னா அந்த இடத்தோட கைடுலைன் வேல்யூவ, அதாவது கவர்மெண்ட் போட்ட மதிப்ப, பணமா கட்டலாம். 3,000க்கு கீழன்னா எதுவுமே வேணாம்." 10,000 சதுர மீட்டருன்னா கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கர். சரின்னு நான் வண்டிய எடுத்துட்டு ஒரு சாயங்காலம் சுத்திட்டு வந்தேன். எங்க ஏரியால மட்டும் பதினாலு லேயவுட் எண்ணுனேன், அதுல பார்க்குன்னு போர்டு இருந்தது நாலே நாலுதான். மிச்சம் எல்லாம் ஒன்றரை ஏக்கர், ரெண்டு ஏக்கர் துண்டு துண்டா. ஒவ்வொருத்தரும் சட்டப்படிதான் பண்ணிருப்பாங்க, ஆனா பதினாலையும் சேத்துப் பாத்தா ஒரு சின்ன ஊரு, அந்த ஊருக்கு ஒரு ஸ்கூல் கெடையாது, கிரவுண்டு கெடையாது, கல்யாண மண்டபம் கூட கெடையாது.

எனக்கு வயித்தெரிச்சலே இதுதாங்க. ஒரு லேயவுட்ட தனியா பாத்தா குத்தம் சொல்ல முடியாது. எங்களுது 86 சைட், வீடு கட்டுனது நாப்பது, ஆளு கணக்குப் பாத்தா நூத்தம்பது பேரு. 2014ல மத்திய அரசு போட்ட நகரத் திட்ட வழிகாட்டில 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, 15,000 பேருக்கு ஒரு டிஸ்பென்சரி, ஒரு சமுதாயக் கூடம், ஒரு லைப்ரரி, ரெண்டு லட்சம் பேருக்கு ஒரு ஃபயர் ஸ்டேஷன்னு வரிசையா போட்டிருக்காம். நூத்தம்பது பேருக்கு அதுல ஒண்ணுமே வராது. பக்கத்து லேயவுட்டுக்கும் வராது, அதுக்குப் பக்கத்துதுக்கும் வராது. யாரு கூட்டிப் பாக்கறது?

இன்னொரு கூத்து இருக்கு. 2011 சென்சஸ்ல சேலம் மாநகராட்சி ஜனத்தொகை 8 லட்சத்துக்கு மேல, அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி 7 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. 2021ல எடுக்க வேண்டியத எடுக்கவே இல்ல, தள்ளிப் போச்சு. 2011ல நாங்க இருக்குற எடம் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போட்ட காடு. எங்க வீட்டுக்கு கடக்கால் தோண்டும்போது கூட காஞ்ச குச்சி வேரு வந்துச்சு. அப்ப அந்தக் கணக்குப்படி எங்க தெருவுல இருக்குற ஆளு எத்தன பேரு, சைபரு. சைபருக்கு எவன் ஸ்கூல் கட்டுவான்? அதோட நாங்க மாநகராட்சி எல்லைக்கு வெளிய வேற. டவுன்ல 60 வார்டு, நாலு மண்டலம்னு இருக்கு, எங்களுக்கு ஒரு ஆபீசு, போனா "அது ப்ரொமோட்டர்கிட்ட கேளுங்க"ம்பாங்க, ப்ரொமோட்டருக்கு போன் போட்டா "நாங்க ஹேண்டோவர் பண்ணிட்டோம் மேடம்"ம்பாரு. ஊஞ்சல் சங்கிலிக்கு நான் மூணு தடவ அலைஞ்சேன்.

நான் பொறந்து வளந்தது சேலம் டவுன்ல குகைங்கற ஏரியா. அங்க யாரும் ப்ளான் போட்டு ஊர கட்டல. சந்து பூரா தறிச் சத்தம், ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் திண்ணைல ஏறி நிக்கணும். ஆனா ஸ்கூலு நடந்து போற தூரம், ரேஷன் கடை தெரு முக்கு, டாக்டரு அடுத்த தெரு, ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு சாமி வேஷம் போட்டு வண்டில வர்ற வண்டி வேடிக்கைன்னா ஊரே ரோட்டுலதான். இங்க 23 அடில தார் ரோடு போட்டு ரெண்டு பக்கமும் மரம் வெச்சிருக்காங்க, நடக்க ஆளில்ல. நடந்து எங்க போறது, போற மாதிரி எடம் ஒண்ணும் இல்லையே. எங்க பையன் ரெண்டாவது படிக்கறான், வேன்லதான் போகணும், கவர்மெண்ட் ஸ்கூலுக்கு போகணும்னா ஹைவேய தாண்டணும். ரேஷன் கடை வாரத்துல ரெண்டு நாள்தான். தண்ணி பத்தி தனியா எழுதணும், போர் தண்ணில துணி தொவச்சா சட்டை பலகை மாதிரி நிக்கும், காவேரித் தண்ணி எப்ப வரும்னு டேங்க் தொறக்குறவருக்குதான் தெரியும்.

பார்க்குல பெரிய சண்டை ஒண்ணு நடந்துச்சு, அத சொல்லியே ஆகணும். எங்க லேயவுட்டுக்குப் பின்னாடி செங்கல் சூளை ஆளுங்க குடியிருக்குற லைன் வீடுங்க இருக்கு. அந்தப் பசங்க சாயங்காலம் எங்க பார்க்குக்கு வெளையாட வருவாங்க. வந்தா என்ன, இருக்குற ஒரு ஊஞ்சல்ல எல்லாரும் மாத்தி மாத்தி ஆடுவாங்க. போன சித்திரைல அசோசியேஷன்ல நாலு பேரு சேந்து கேட்டுக்கு பூட்டு போட்டுட்டாங்க, "மெயின்டனன்ஸ் நாம கட்டறோம், அவங்க வந்து ஒடைக்கறாங்க"ன்னு வாட்ஸப் குரூப்ல ஒரே சத்தம். ஊஞ்சல் சங்கிலிய அறுத்துட்டது எங்க பையனும் எதிர் வீட்டுப் பையனும்தான், அது எனக்குத் தெரியும், அப்ப வாய தொறக்காம இருந்தது என் தப்பு.

தம்பிகிட்ட கேட்டேன். "அக்கா, பார்க்கும் ரோடும் உங்களுது இல்ல, அப்ரூவல் வாங்கும்போதே உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்துருப்பாங்க. உங்க அசோசியேஷன் பூட்டு போடறதும் நான் வந்து உங்க ரோட்டுக்கு பூட்டு போடறதும் ஒண்ணுதான்"னான். நகல் மனு போட்டு அந்தப் பத்திரத்த வாங்கிட்டேன், நாலு பக்கம், நாலு எல்லையும் தெளிவா போட்டிருக்கு, "பொதுமக்கள் உபயோகத்திற்கு"ன்னு எழுதிருக்கு. போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். ரெண்டு நாள் யாரும் எதுவும் பேசல, ஒருத்தர் மட்டும் குட்மார்னிங் படம் போட்டாரு.

சைட் பாக்க வரவங்களுக்கு ஒரே விஷயம். பார்க் ஃபேசிங் சைட்டுன்னு ரேட் ஏத்தி சொல்லுவாங்க, அந்தப் பார்க்குக்கு மழை பேஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. தானப் பத்திரம் நம்பர் கேளுங்க, அது இல்லன்னா அந்தப் பச்சை கலர் வெறும் பெயிண்ட்டுதான், நாளைக்கே சைட் நம்பர் 87ன்னு வித்துருவாங்க. அப்புறம் அந்த லேயவுட்ட மட்டும் பாக்காதீங்க, ஒரு கிலோமீட்டர் சுத்தி நடந்து பாருங்க, கொழந்தைய கையப் புடிச்சு கூட்டிட்டுப் போற தூரத்துல என்ன இருக்குன்னு.

அந்த அரை மார்க் எதுக்குன்னு கேட்டா, தட்டுவடை செட் விக்கற அக்காவுக்கு. ரெண்டு தட்டைக்கு நடுவுல காய்கறி, சட்னி வெச்சுத் தர்ற சேலத்துப் பலகாரம் அது. பார்க் வாசல்ல தள்ளுவண்டி போட்டிருக்காங்க, லைன் வீட்டுலருந்துதான் வராங்க. எந்த வரைபடத்துலயும் கெடையாது, ஆனா எங்க காலனில அஞ்சு பேரு சேந்து நின்னு பேசுறது அங்க மட்டும்தான். பீட்ரூட் அதிகமா, காரச் சட்னி ஒரு கரண்டி தூக்கலா போட்டு அவங்க தட்டைய ஒடச்சுப் போட்டுத் தர்ற நொறுக்கல் சாப்பிட டவுன்லருந்து கூட வராங்க. பூட்டுப் பஞ்சாயத்து முடிஞ்சதும் காலைல யாரு தொறக்கறது, ராத்திரி யாரு மூடறதுன்னு கேள்வி வந்துச்சு, ஒருத்தரும் கைய தூக்கல. இப்ப சாவி அந்த அக்கா மொளகாப்பொடி டப்பாவுக்குப் பக்கத்துலதான் தொங்குது. காலைல அஞ்சரைக்கு தொறந்துடறாங்க, பார்க் பாக்கணும்னா அவங்களக் கேளுங்க. ஊஞ்சல் மட்டும் இன்னும் ஒண்ணுதான்.