அப்பா ஊர் வயலா, அம்மா ஊர் தோட்டமா? சென்னைப் பிள்ளையை எங்கே விடலாம்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கணவருக்கு மன்னார்குடிப் பக்கம், நெல் வயல். எனக்குக் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், கிணற்றுப் பாசனத் தோட்டம். மகள் சென்னையில் ஏழாவது மாடியில் வளர்ந்தவள். பள்ளி வேன், லிஃப்ட், ஏசி என்று மண்ணில் கால் படாமலே அவளுக்கு வாரம் ஓடிவிடும். ஆட்டுக்குட்டி கிட்டே வந்தால்கூடத் திண்ணையில் ஏறி நின்றுகொள்வாள். இரண்டு ஊரிலும் அவளை விட்டுப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். ஊரில் நிலமும் பெரியவர்களும் இருக்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

ஆள் துணை என்று பார்த்தால் கணவர் ஊர் இருக்கும் காவிரி டெல்டாதான். அங்கே வீடுகள் தெருவாக இருக்கும், வயல் தள்ளி இருக்கும். காலையில் வாசலில் நின்றாலே நாலு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். கூச்சம் பிடித்த பிள்ளைகூட இரண்டு நாளில் பாண்டி விளையாடப் போய்விடும். என் ஊர் இருக்கும் கொங்குப் பக்கம் அப்படியில்லை. வீடே தோட்டத்துக்குள் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தைக் கூப்பிட்டால் குரல் எட்டாது. பொழுது சாய்ந்தால் இருட்டு, நாய்ச் சத்தம், தென்னை மட்டை விழும் சத்தம். என் மகள் முதல் நாள் ராத்திரி அம்மாயியின் (என் அம்மா) சேலையை விடவே இல்லை. அவள் வயதில் மாமன் மகனோ பெரியம்மா மகளோ கூட வந்தால்தான் இது சரிப்படும்.

ஆனால் மே மாதத்தில் டெல்டா வயலில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? சம்பா நெல் அறுவடை தை, மாசியோடு முடிந்திருக்கும். அதற்குப் பின் வந்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரைக்குள் பிடுங்கியாகிவிடும். பாசனத்துக்கு மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. அணையில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து முன்பின் ஆகும். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. போர்வெல் வைத்திருப்பவர்கள் கோடை நெல்லோ பருத்தியோ போட்டிருப்பார்கள். மற்ற நிலமெல்லாம் வெடித்துக் கிடக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் வரப்பில் நடத்திக் கூட்டிப்போய், "இதுதான் நம்ம வயல்" என்று காட்டிவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். மத்தியானம் டிவி, அப்புறம் செல்போன். சென்னையில் செய்ததையே ஓட்டு வீட்டில் உட்கார்ந்து செய்வாள்.

தோட்டத்தில் மாடு இருக்கிறது. மாட்டுக்கு மே என்றும் ஜூன் என்றும் கிடையாது. விடியற்காலையும் சாயங்காலமும் கறந்தாக வேண்டும், சொசைட்டிக்கு நேரத்துக்குப் பால் போயாக வேண்டும். அப்புச்சி (என் அப்பா) அவளுக்கென்று ஒரே ஒரு வேலை கொடுத்தார், கன்று பிடிப்பது. காங்கேயம் மாடு கன்று முட்டாமல் மடி சுரக்காது. அதனால் முதலில் கன்றை ஊட்ட விடுவார்கள். பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய் அதை நக்கிக்கொண்டே நிற்கும், அம்மாயி கறந்து முடிப்பார். பிடி தளர்ந்தால் கன்று மறுபடி மடிக்கே ஓடும். "கயித்தைக் கையில சுத்தாதீங்க கண்ணு, சும்மா புடிங்க, இழுத்தா விட்டுருங்க" என்று அப்புச்சி சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் கன்று இரண்டு தரம் தப்பி ஓடியது, அன்று பால் குறைந்தது. யாரும் திட்டவில்லை. ஆனால் தான் விட்டதால்தான் குறைந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் நான் போனபோது, ஐந்து மணி ஆனதும் விளையாட்டை அப்படியே போட்டுவிட்டுக் மாடு கட்டும் கட்டுத்தறிக்கு ஓடினாள். வெள்ளாடுகளைக் கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் காடு) ஓட்டிப்போய் விட்ட பிறகு கிளுவை முள்வேலியின் படலை, அதாவது அதன் கதவை, சாத்துவதும் அவள் பொறுப்பாகிவிட்டது. திண்ணையில் ஏறி நின்ற பிள்ளை இவள்!

நகரத்துப் பிள்ளை ஊரில் ஒட்டுவதற்கு, தன் கை இல்லாவிட்டால் நடக்காத வேலை ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. வேடிக்கை காட்டினால் இரண்டு நாளில் சலித்துவிடும். நெல் விவசாயத்தில் இப்போது அதற்கு இடமும் குறைவு. அறுப்பு மெஷின் வந்து கொஞ்ச நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது, நடவுக்குக் குழுவாக ஆட்கள் வருகிறார்கள். பிள்ளை வரப்பில் நின்று பார்க்கத்தான் முடியும்.

ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு. தோட்டத்தில் முதல் பயம் கிணறு. பழைய கிணறுகள் பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. பெரியவர் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினும் பூச்சிமருந்து டப்பாக்கள் இருக்கும் அறையும் அதேபோல. டெல்டாவில் பயம் ஆறு. தண்ணீர் வற்றியிருந்தாலும் மணல் அள்ளிய குழிகளில் ஆழம் தெரியாது. பாம்பு இரு ஊருக்கும் பொது. ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்கக் கூடாது, தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும், கடித்தது தெரியாமலே போகலாம். கடிபட்டால் கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சாப்பாடு, கழிப்பறை எல்லாம் இப்போது இரண்டு ஊரிலும் பெரிய பிரச்சினை இல்லை.

கணவர் இதை ஒத்துக்கொள்வதில்லை. "எங்க ஊரை மே மாசத்துல பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்றியே" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் மன்னார்குடிப் பக்கம் போனால் ஒரு வயலில் குறுவை நெல் அறுப்பு, பக்கத்து வயலில் சம்பா நடவு, வாய்க்கால் நிறையத் தண்ணீர். அப்பாயி (கணவரின் அம்மா) நாற்றங்காலுக்குக் கூட்டிப்போய் நாற்று முடி (நாற்றுக் கட்டு) எடுத்துக் கையில் கொடுத்தபோது மகள் சேற்றில் இறங்கினாள். பொங்கலுக்குப் போட்டி சரிசமம். அங்கே அறுவடைக்கு நிற்கும் சம்பா, இங்கே மாடுகளுக்கான பட்டிப் பொங்கல்.

ஆகவே கோடை விடுமுறைக்குத் தோட்டம், கூட ஒரு பிள்ளையோடு. காலாண்டுக்கு வயல். துணைக்குப் பிள்ளை கிடைக்காவிட்டால், தனிமைக்குப் பயப்படும் குழந்தைக்குக் கோடையிலும் டெல்டாத் தெருதான் நல்லது. அங்கேயும் கோழியை அடைப்பது மாதிரி ஒரு வேலையைப் பாட்டியிடம் சொல்லி வாங்கிக்கொடுங்கள். எந்த ஊரானாலும் இரண்டு, மூன்று நாளில் அப்பா அம்மா கிளம்பிவிட வேண்டும். நாம் பக்கத்தில் இருக்கும்வரை கன்றுக் கயிற்றை நாம்தான் பிடிப்போம்.