இலவச நிலமா, ரயில்வே நிலமா?

1870களில் அமெரிக்காவின் கான்சஸ், நெப்ராஸ்கா புல்வெளியில் மூட்டை முடிச்சோடு இறங்கிய குடும்பத்துக்கு நிலம் கிடைக்க முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, 1862 சட்டப்படி அரசு தந்த 160 ஏக்கர். சிறு கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால் சொந்தம். ஆனால் ஏர், மாடு, விதை, கிணறு எதுவும் இலவசமில்லை. மரமே இல்லாத ஊர் என்பதால் புல்வேரோடு மண்ணை வெட்டி, செங்கல் போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழை வந்தால்தான் பாடு: வெளியே மழை விட்ட பிறகும் மண் கூரையிலிருந்து சேறு சொட்டும், அடுப்பில் இருக்கும் சட்டியை மூடியே வைக்க வேண்டும். அவரவர் நிலத்திலேயே குடியிருக்க வேண்டியதால் அக்கம்பக்கத்துப் பேச்சுக்கும் வழியில்லை. பெண்களை அதிகம் வாட்டியது இந்தத் தனிமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, ரயில்வே கம்பெனி நிலம். விலை உண்டு, தவணை உண்டு, வட்டியும் உண்டு. ஆனால் விளைச்சலை ஏற்ற ஸ்டேஷன் பக்கத்தில். ரஷ்யாவிலிருந்து 1874-இல் வந்த மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கான்சஸில் இப்படி மொத்தமாக வாங்கி, ஊராகவே குடியேறினார்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

அதே 1874 கோடையில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி இரு தரப்பின் பயிரையும் தின்றது. தவணை பாக்கி இருந்தவர்களுக்கு அடி இரட்டிப்பு.