தன்னாட்சி நரம்புத்தொகுதிச் சுவர்ப்படம்

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மகளுக்காகத் திருகோணமலை நகரப் புத்தகக் கடையொன்றில் வாங்கிய இப்படம், இதயம், குடல் போன்ற உள்ளுறுப்புகளை நம் எண்ணமின்றியே கட்டுப்படுத்தும் தன்னாட்சி நரம்புத்தொகுதியை விளக்குவது. இது முண்ணாணின் (முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புத் தண்டின்) மார்பு, நாரிப் (கீழ்முதுகு) பகுதிகளிலிருந்து புறப்பட்டு உடலை அவசர நிலைக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகளைச் சிவப்பிலும், மூளைத்தண்டிலிருந்தும் முண்ணாணின் திருவென்புப் (இடுப்பின் பின்புற அடிப்) பகுதியிலிருந்தும் வந்து உடலை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் பரபரிவு நரம்புகளை நீலத்திலும் காட்டுகிறது. 10ஆவது மண்டையோட்டு நரம்பான அலையும் நரம்பு கழுத்து வழியே இறங்கி, இதயத்துக்கும் இரைப்பைக்கும் கிளைவிட்டு, பெருங்குடலின் பெரும்பகுதிவரை செல்வதை விரலால் பின்தொடர முடிகிறது; அந்த ஒரு நீலக் கோட்டுக்காகவே கொடுத்த பணம் தகும்.

ஆனால் வியர்வைச் சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்பின் முனையில் சுரந்து செய்தியைக் கடத்தும் இரசாயனம் நோரட்ரீனலின் என்று அச்சிட்டிருப்பது பிழை. ஏனைய பெரும்பாலான பரிவு நரம்புகளுக்கே அது பொருந்தும்; இங்கே சுரப்பது அசற்றைல்கோலின். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை நம்பிப் பார்க்கும் படம் என்பதால், வாங்குவோர் பேனாவால் திருத்திய பின்னரே மாட்டவேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் தாளும் சுருள்கிறது. பொலித்தீன் உறை அவசியம்.