பரிசாகத் தரும் குவில்ட்: ரசீது போதுமா, மதிப்பீடு வேண்டுமா?

அமெரிக்காவில் கையால் தைத்த குவில்ட்டை (துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) பரிசாகப் பார்சலில் அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள். துணி, பஞ்சு, நூல் ரசீதுகளைப் பத்திரப்படுத்துவது ஒன்று. செலவில்லை. ஆனால் பார்சல் தொலைந்து இழப்பீடு கேட்டால் அவை துணி விலையைத்தான் சொல்லும், மாதக்கணக்கான கையுழைப்பைச் சொல்லாது.

மற்றது, கென்டக்கி மாநிலத்தின் படூக்காவில் உள்ள அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி சான்றளித்த மதிப்பீட்டாளரிடம் குவில்ட்டின் மதிப்பை எழுத்தில் வாங்குவது. கட்டணம் உண்டு. காப்பீட்டுக்கான மதிப்பு என்று கேட்டால் உழைப்பும் சேரும். சந்தை மதிப்பு, அதாவது விற்றால் கிடைக்கும் விலை, என்றால் தொகை பெரும்பாலும் குறையும். எது வேண்டுமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தை போட்டுப் புரட்டித் தேய்க்கப்போகும் சின்னப் போர்வையா, சரி, ரசீது போதும். கல்யாணத்துக்குத் தரும் பெரிய குவில்ட்டுக்கு மதிப்பீடுதான் என் ஓட்டு. அந்தத் தாளைப் பரிசோடு வைக்காமல் அப்புறம் தனியாக அனுப்புங்கள். பரிசு பெறுகிறவர்களின் வீட்டுக் காப்பீட்டுக்கும் உதவும்.